கார்பன் பட்டை ஒட்டிய பீம்: சோதனையைவிட மாடல் அதிகச் சுமை தாங்குவது ஏன்?

கேள்வி: அடிப்பக்கம் கார்பன் ஃபைபர் பட்டை ஒட்டி வலுப்படுத்திய கான்கிரீட் பீமை அபாகஸ் என்ற கணினிப் பகுப்பாய்வு மென்பொருளில் மாடல் செய்தேன். ஆய்வகத்தில் உடைந்த சுமையைவிட மாடல் மிக அதிகமாகக் காட்டுகிறது. டைலேஷன் ஆங்கிளை (நசுங்கும் கான்கிரீட் எவ்வளவு விரிகிறது என்று சொல்லும் எண்) குறைத்துச் சரிசெய்யலாமா?

பதில்:

வேண்டாம். ஒரு பீமுக்குப் பொருந்தும்படி திருகிய எண் அடுத்த பீமுக்குப் பொருந்தாது. இந்த மாதிரி கணக்கை நம்பித்தான் ஆட்கள் குடியிருக்கும் கட்டடங்களில் பட்டை ஒட்டுகிறார்கள்.

முதலில் பட்டைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் என்ன கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ‘டை’ (இரு பரப்புகளை நிரந்தரமாகப் பிணைக்கும் கட்டளை) போட்டிருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான். டை போட்டால் இரண்டும் பிரியவே வழியில்லை. பட்டை அறுகிற வரை சுமை ஏறிக்கொண்டே போகும். நிஜத்தில் பெரும்பாலும் அதற்கு முன்பே, நடுப்பகுதி விரிசல் ஒன்றின் வாயில் பட்டை விடுபட்டு, முனையை நோக்கி உரிந்துகொண்டு போய்விடும். உரிந்த பட்டையைத் திருப்பிப் பாருங்கள், பசைமேல் மெல்லிய கான்கிரீட் படலம் ஒட்டியிருக்கும். எபாக்ஸி பசை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, அதற்குப் பின்னால் இருந்த கான்கிரீட்தான் கிழிந்திருக்கிறது. உங்கள் மாடலில் இல்லாதது அந்தக் கிழிசல்.

வித்தியாசம் சின்னதும் இல்லை. 1.2 மி.மீ தடிமன், 165 ஜிகாபாஸ்கல் விறைப்புள்ள பட்டை, 30 மெகாபாஸ்கல் அழுத்த வலிமையுள்ள கான்கிரீட் என்று அமெரிக்க கான்கிரீட் கழகத்தின் ஏசிஐ 440.2ஆர் வழிகாட்டிச் சூத்திரத்தில் போட்டால், சுமார் 0.5 சதவீதத் திரிபுக்கு (நீட்சி விகிதம்) மேல் பட்டையை நம்பக்கூடாது என்று வரும். அதே பட்டை அறுவதற்கு 1.7 சதவீதம் வரை நீள வேண்டும்.

ஆகவே டையை எடுத்துவிட்டு கொஹீசிவ் தொடர்பு (ஓர் அளவுக்கு மேல் நழுவினால் விட்டுப்போகும் ஒட்டு) கொடுங்கள். லூ, டெங், யே, ஜியாங் ஆகியோர் 2005இல் தந்த இருகோட்டு ஒட்டு-நழுவல் விதி (நழுவல் கூடும்போது ஒட்டுத் தகைவு ஒரு நேர்கோட்டில் ஏறி இன்னொன்றில் இறங்கும்) நல்ல தொடக்கம். பட்டை அகலம் பீம் அகலத்தில் பாதி என்றால் அந்த விதியில் வரும் அகலக் காரணி சரியாக 1. கான்கிரீட் இழுவலிமை 2.5 மெகாபாஸ்கல் என்று வையுங்கள்: உச்ச ஒட்டுத் தகைவு 3.75 மெகாபாஸ்கல், அது வரும் நழுவல் 0.05 மி.மீ. நழுவல் 0.26 மி.மீட்டரைத் தொட்டதும் ஒட்டு பூஜ்யம். இவ்வளவு சிறிய நழுவல் மெஷ்ஷில் (மாடலைப் பிரிக்கும் வலையில்) தெரிய வேண்டுமென்றால் பட்டையை ஒட்டிய எலிமெண்டுகள் (அந்த வலையின் துண்டுகள்) சில மில்லிமீட்டர் அளவுக்குள் இருக்க வேண்டும். கான்கிரீட்டின் இழுவைத் தளர்வையும் (விரிசலுக்குப் பின் இழுவலிமை குறைவதை) திரிபாகக் கொடுக்காமல் முறிவு ஆற்றலாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் மெஷ் மாறும்போதெல்லாம் விடையும் மாறும்.

அப்புறம் கான்கிரீட் மாடலின் விஸ்காசிட்டி பாராமீட்டர். கணக்கு நின்றுபோகாமல் ஓட அதை ஏற்றிவிடுவது வழக்கம், ஆனால் அதுவே பீமுக்கு இல்லாத பலத்தைக் கொடுத்துவிடும். பத்தில் ஒரு பங்காகக் குறைத்து ஓட்டுங்கள். உச்சச் சுமை இறங்கினால் இதுவும் ஒரு காரணம்.

ஆய்வக பீமை விட்டு நிஜக் கட்டடத்துக்குப் போகும்போது இன்னொன்று சேரும். 1991இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் அருகே ஈபாக் பாலத்தில் கார்பன் பட்டை ஒட்டினார்கள். 175 கிலோ எஃகுத் தகடு செய்யும் வேலையை 6.2 கிலோ பட்டை செய்தது. பட்டை ஒட்டும்போதே பாலம் தன் எடையைச் சுமந்துகொண்டுதான் நின்றது. பழைய பீம் எதுவும் அப்படித்தான், பட்டை வருமுன்பே அதில் திரிபும் விரிசலும் இருக்கும். எனவே முதல் ஸ்டெப்பில் பட்டையை ‘மாடல் சேஞ்ச்’ (பாகங்களை நடுவில் நீக்கவும் சேர்க்கவும் உதவும் அபாகஸ் கட்டளை) மூலம் நீக்கிவிட்டு இருக்கும் சுமையை ஏற்றுங்கள். அடுத்த ஸ்டெப்பில் திரிபில்லாத நிலையில் பட்டையைச் சேருங்கள்.

சரிபார்க்கும்போது சுமை-தொய்வு வளைகோடு மட்டும் போதாது, தவறான மாடலிலும் அது பாதி தூரம் ஒத்துப்போகும். பட்டையின் நீளவாக்கில் ஸ்ட்ரெயின் கேஜ் (திரிபு அளக்கும் ஒட்டுக் கருவி) அளவீடுகள் இருந்தால், ஒவ்வொரு சுமை நிலையிலும் அவற்றோடு ஒப்பிடுங்கள். உரிதல் எங்கே தொடங்கியது என்பது அதில்தான் தெரியும்.