ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் விலை குறைந்த ஹப் போட்டு ஓட்டலாமா?

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பின்சக்கர ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, போட்டு ஃபிக்ஸி (ஃபிக்ஸட் கியர் சைக்கிள்) கட்டலாமா, விலை கூடின ஹப்புக்கு அப்படி என்ன அவசியம் என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு என் பதில் இவ்வளவுதான். பொறுமை இருந்தால் என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நீங்கள் கல்லூரியில் படிப்பவராகவோ, வேலையில் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவராகவோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பழைய பிரேம் ஒன்று கைக்கு வந்திருக்கும். பெயின்ட் அடித்தாயிற்று, ஹேண்டில்பாருக்கு டேப் சுற்றியாயிற்று, மிச்சம் இருப்பது நாலாயிரமோ ஐந்தாயிரமோ. ஹப் என்பது ரெண்டு பக்கமும் தட்டு வைத்த ஓர் உருளை, அதில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. டயருக்குச் செலவழித்தேன், சீட்டுக்குச் செலவழித்தேன், ஹப்பில் மிச்சம் பிடித்தேன்.

சாதாரண சைக்கிளில் அப்படி மிச்சம் பிடித்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. பேரிங்கின் கோன் தேயும், குண்டு உடையும், சக்கரம் ஆடும். இறங்கி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். ஃபிக்ஸியில், மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தனியாகச் சுற்றவிடும் பிரீவீல் கிடையாது. பின்சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றும். வேகத்தைக் குறைக்க பெடலைப் பின்னுக்கு அமுக்குகிறோம். அந்த அமுக்கு செயின் வழியாகப் போய்ப் பின் பல்சக்கரத்தை இழுத்து, கடைசியில் ஹப்பில் வெட்டியிருக்கும் மரையில் போய் நிற்கிறது. என் சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 44 பல், பெடல் பூட்டிய கை (கிராங்க்) 170 மில்லிமீட்டர். பெடலில் 50 கிலோ பாரம் பின்னுக்குக் கொடுத்தால் செயினில் கிட்டத்தட்ட 95 கிலோ இழுவை விழும். இறக்கத்தில் நீங்கள் உயிரை ஒப்படைத்திருப்பது அந்த மரையிடம்தான்.

ஃபிக்ஸிக்கென்றே செய்த நல்ல ஹப்பில் (டிராக் ஹப் என்பார்கள்) மரை ரெண்டு படியாக இருக்கும். உள்ளே இருப்பது பல்சக்கரத்துக்கு, 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று, வழக்கமான வலது மரை. முன்னுக்கு மிதித்தால் இறுகும், பின்னுக்கு அமுக்கினால் கழலப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வெளியே 1.29 அங்குலத்தில் இன்னொரு படி. அது இடது மரை, நம் சைக்கிளின் இடது பெடலில் இருக்கிறதே, அதே மாதிரி எதிர்ப்பக்கம் முறுக்குவது. அதில் லாக்ரிங் என்ற பூட்டு வளையம் ஏறும். பல்சக்கரம் கழல முயன்றால் அந்த அசைவே லாக்ரிங்கை மேலும் இறுக்கிவிடும். ஆனால் லாக்ரிங் பிடிக்கிற மரை நாலைந்து சுற்றுதான். அந்த நாலைந்து சுற்றை மட்டமான அலுமினியத்தில், ஆழம் இல்லாமல் வெட்டி விற்கிறார்கள்.

என் ஊர் செங்கோட்டை. மேற்கே புளியரை, அதற்கு மேல் மலை, கோட்டைவாசல் தாண்டினால் கேரளம், ஆரியங்காவு. ஃபிக்ஸி ஓட்ட இதைவிடப் பொருத்தமில்லாத ஊர் இருக்காது என்று சிலர் எழுதுவீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எங்கள் ஊரில் முதன்முதலாக ஒரு ஃபிக்ஸி கட்டியவன் நான். ஆடி மாதத்துச் சாரலில், சத்தமே இல்லாமல், ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்காலில் உணர்ந்துகொண்டு போகிற அந்த ஓட்டம் வேறு எந்த சைக்கிளிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஃபிக்ஸியே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. இன்றைக்கும் ஓட்டுகிறேன்.

2019 ஆடி. சைக்கிள் கட்டி மூன்று மாதம். பெடலைப் பின்னுக்கு அமுக்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு மெல்லிய சத்தம் வர ஆரம்பித்திருந்தது. செயின் தளர்ந்திருக்கும் என்று நினைத்து பின்சக்கரத்தை இழுத்து வைத்து நட்டை முறுக்கினேன். இரண்டு நாள் சத்தம் இல்லை, மூன்றாம் நாள் திரும்ப வந்தது. அந்த 'டக்' என்ன தெரியுமா? பல்சக்கரம் மரையில் நூலளவு பின்னால் நகர்ந்து லாக்ரிங்கில் இடிக்கிற சத்தம். ஒவ்வொரு இடிக்கும் லாக்ரிங்கின் இரும்பு, ஹப்பின் அலுமினிய மரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொண்டிருந்திருக்கிறது. உங்கள் சைக்கிளில் இந்தச் சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே இறங்கிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆரியங்காவு வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். ஏற்றத்தில் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன், அதில் வெட்கம் இல்லை. கோட்டைவாசல் கருப்பசாமி கோயிலில் நின்று கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். பின் பல்சக்கரத்தில் 18 பல். இந்தக் கணக்கில் 30 கிலோமீட்டர் வேகத்துக்கே நிமிடத்துக்கு நூறு சுற்று கால் சுற்ற வேண்டும், 40 போனால் 130. அதனால் அமுக்கி அமுக்கித்தான் இறங்குவேன்.

எஸ் வளைவுக்குச் சற்று மேலே, கீழே புளியரை வயல்கள் விரிந்து தெரியுமே, அந்த இடம். முன்னால் லாரி ஒன்று வளைவில் ஊர்ந்துகொண்டிருந்தது. அமுக்கினேன். 'டக்' கேட்டது. அடுத்த நொடி கால் தன்பாட்டுக்குப் பின்னால் போனது. இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் வயிறு ஒரு அமுங்கு அமுங்குமே, அது மாதிரி. கீழே கரகரவென்று இரும்பு உரசும் சத்தம், செயின் கழன்று கிராங்கில் அடிக்கிறது, லாரியின் பின்கதவு பெரிதாகிக்கொண்டே வருகிறது. முன் பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் நின்றுவிடத்தான் பார்த்தது. ஓரத்தில் கொட்டிக்கிடந்த ஜல்லியில் முன்சக்கரம் வழுக்கி, ரோட்டோர மண்ணில் இடது பக்கமாக விழுந்தேன். முழங்கை கிழிந்தது, ஏழு தையல். லாரிக்கும் எனக்கும் இடையில் ஓர் ஆள் நீளம்தான் இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த முன் பிரேக் என் புத்தியில் வந்ததில்லை. பிரேக் இல்லாமல் இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்று அடம்பிடித்தேன். எங்கள் ஊர் சைக்கிள் கடை அண்ணாச்சிதான், "பின்னாடி நீ என்ன வேணாலும் மாட்டிக்கோ தம்பி. முன்னாடி ஒரு பிரேக் இல்லாம இந்த சைக்கிள் என் கடையை விட்டு வெளிய போவாது" என்று, காசு கூட வாங்காமல் பழைய பிரேக் ஒன்றைப் பூட்டிவிட்டார். நாற்பது வருடமாகச் சக்கரங்களுக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருப்பவர். ஃபிக்ஸி என்ற பேரையே என்னிடம்தான் முதலில் கேட்டார். இருந்தும் தெரிந்திருக்கிறது.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு அவர் கடையில் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். லாக்ரிங் விரலாலேயே கழன்று வந்தது. கிரீஸுக்குள் ஜரிகை மாதிரி மினுமினுவென்று அலுமினியச் சுருள். லாக்ரிங் ஏறியிருந்த இடத்தில் நகத்தை வைத்து இழுத்தேன், எங்கும் தட்டவில்லை. "மரையே இல்லியேடே, எல்லாத்தையும் தின்னுருச்சு" என்றார். பல்சக்கரத்தையும் விளக்கில் காட்டினார். அது ஹப்பின் தோள் வரை போய் உட்காரவே இல்லை, உள்ளே மரை சரியாக வெட்டாததால் பாதியிலேயே நின்றிருக்கிறது. தட்டில் ஆரக்கம்பி ஓட்டை ஒன்றின் ஓரத்தில் மயிரிழை விரிசல் வேறு. ஃபிக்ஸியில் ஆரக்கம்பிகளுக்கு முன்னுக்கும் இழுவை, பின்னுக்கும் இழுவை. அந்தத் தட்டு இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்குமோ.

அப்போதுதான் எனக்கு வேர்த்தது. நான் விழுந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா மகன் "மாமா, ஒரு ரவுண்டு" என்று கெஞ்சி, சீட்டை இறக்கிக் கொடுத்து, குற்றாலம் வரைக்கும் போய்விட்டு வந்தான். எட்டாவது படிக்கிற பிள்ளை. அவன் ஓட்டும்போதே அந்த மரை முக்கால்வாசி போயிருக்கும். அக்காவிடம் இன்றுவரை நான் இதைச் சொல்லவில்லை. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் இத்தனை நீளமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அதுதான்.

விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். பெயர் வேண்டாம். காலால் வேகம் குறைப்பது 'தவறான பயன்பாடு', உத்தரவாதத்தில் வராது என்று பதில் வந்தது. ஃபிக்ஸி ஹப் என்று எழுதி விற்றதே அவர்கள்தான். காலால் வேகம் குறைக்காமல் ஃபிக்ஸியை எப்படி ஓட்டுவது என்று திருப்பிக் கேட்டேன், அதற்குப் பதில் இல்லை.

இன்னொரு கோபமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நான் விழுந்தது ஜல்லியில். எங்கள் பக்கத்திலிருந்து கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு ராத்திரி பகல் இல்லாமல் கேரளத்துக்கு லாரிகள் போகின்றன. தார்ப்பாய் ஒழுங்காக மூடாமல் போகிற வண்டி ஒவ்வொரு வளைவிலும் ஒரு கூடை கொட்டிவிட்டுப் போகிறது. பைக்கில் போகும் எத்தனை பேர் அதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். என்னைத் தூக்கிவிட வந்தவர்களில் ஒருவரே, "மலை ரோட்டுல சைக்கிளுக்கு என்ன வேல?" என்று கேட்டார். ரோட்டில் ஜல்லிக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இதைவிட மலிவாக ஒரு வழி வீடியோக்களில் சுற்றுகிறது: சாதாரண சைக்கிளின் பிரீவீலை வெல்டிங் வைத்து ஃபிக்ஸி ஆக்குவது. தயவுசெய்து வேண்டாம். சாதாரண ஹப்பில் இருப்பது ஒரே ஒரு வலது மரை, இடது மரைப் படியே கிடையாது. வெல்டிங் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பின்னுக்கு அமுக்கினால் பிரீவீல் மொத்தமாகத் திருகிக் கழலும். மரைக்குப் பசை போடலாம், பெடல் அச்சுக் கூட்டில் போடுகிற லாக்ரிங்கை மேலே முறுக்கலாம் என்பார்கள். அந்த லாக்ரிங்கும் வலது மரைதான், பல்சக்கரம் கழலும்போது அதுவும் கூடவே கழலும். இங்கிலீஷில் இதற்குத் தற்கொலை ஹப் என்றே பேர் வைத்திருக்கிறார்கள்.

'பத்து வருஷமா மலிவு ஹப்தான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். இருக்கலாம். சமவெளியில், மெதுவாக, கைப்பிரேக்கை வைத்தே நிறுத்துகிறவருக்கு அந்த மரைக்கு வேலையே வருவதில்லை. ஜப்பானில் ஃபிக்ஸியில் ஓட்டுகிற கெய்ரின் சைக்கிள் பந்தயத்தில் பிரேக்கே இல்லையே என்பார் இன்னொருவர். 1948-ல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில் என்ஜேஎஸ் என்ற தர முத்திரை வாங்கிய ஹப் இல்லாமல் இறங்கவே விட மாட்டார்கள், எதிரே லாரியும் வராது. பிரேக் இல்லாமல் ஓட்ட ஆசை இருந்தால் திருவனந்தபுரம் காரியவட்டத்தில் சைக்கிள் பந்தயத் தடமான வெலோட்ரோம் இருக்கிறது, அந்த மாதிரி இடத்தில் ஓட்டுங்கள். லண்டனில் 2016-ல் முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸி மோதி ஒரு பெண் இறந்துபோனார், ஓட்டிய இளைஞனுக்கு மறுவருடம் 18 மாதச் சிறை.

காசு இருப்பவன் பேச்சு என்றும் நினைக்காதீர்கள். அடுத்த ஹப்புக்கு ஐந்து மாதம் சேர்த்தேன், அதுவரை அப்பாவின் பழைய சைக்கிளில்தான் வேலைக்குப் போனேன். உச்ச விலையில் வாங்கச் சொல்லவில்லை. தைவானின் பார்முலா கம்பெனி ஹப் மாதிரி நடுத்தர விலை ஹப் போதும். கடையில் கையில் வாங்கி ரெண்டு படி மரையும் இருக்கிறதா, மரையின் முகடு கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். பல்சக்கரமும் லாக்ரிங்கும் விரலாலேயே கடைசிவரை ஆட்டம் இல்லாமல் ஏற வேண்டும். பேரிங் ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டதாக இருக்கட்டும், அதை 2ஆர்எஸ் என்று குறிப்பார்கள். குண்டும் கோனும் வைத்த திறந்த ஹப் எங்கள் சாரலுக்கு ஒரு சீசனில் துருப்பிடித்துவிடும். டிஸ்க் பிரேக்குக்கான ஆறு போல்ட் ஹப் கிடைத்தால் இன்னும் நல்லது. டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கென்றே வருகிற பல்சக்கரத்தை ஆறு போல்ட்டில் பூட்டிவிடலாம், மரை கழலும் பேச்சே இல்லை.

மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, பல்சக்கரத்தைச் செயின் விப்பால் (செயின் துண்டு பூட்டிய கைப்பிடிக் கருவி) இறுக்கி, லாக்ரிங்கைக் கொக்கி ஸ்பேனரால் இறுக்குங்கள். சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டாதீர்கள். பிறகு ஓர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்து ஏறுங்கள். பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் உட்காரும், லாக்ரிங்குக்கு இடைவெளி விழும். இறங்குவதற்கு முன் லாக்ரிங்கை மறுபடி இறுக்குங்கள். நான் புளியரை தாண்டி முதல் ஏற்றம் முடிகிற இடத்தில் ஓரமாக நிறுத்தி இதைச் செய்வேன், கொக்கி ஸ்பேனர் எப்போதும் சீட்டுக்கு அடியில் கட்டியிருக்கும்.

முன் பிரேக்கை எந்த ஹப் போட்டாலும் கழற்றாதீர்கள்.

உங்கள் பிரேமில் பின்சக்கரம் உட்காரும் இடத்தின் அகலம் எத்தனை மில்லிமீட்டர், ரிம்மில் 32 ஓட்டையா 36 ஓட்டையா என்று அளந்து எழுதுங்கள். டிராக் ஹப் பெரும்பாலும் 120 மில்லிமீட்டர் அகலத்தில் வரும், ரோட் பிரேம் என்றால் இடைவெளி கூடுதலாக இருக்கும். எது பொருந்தும் என்று அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டே சொல்கிறேன்.