சமவெளியிலேயே வளர்ந்த ஒருவர் லடாக் மலைகளில் ஒரு நாள் நடைப்பயணம் போய் வர முடியுமா?

முடியும். 47 வயதில், முட்டி வலியோடு நானே நடந்தேன். ஆனால் "தினமும் நடக்கிறவள், எனக்கென்ன" என்ற நினைப்போடு மட்டும் போகாதீர்கள்.

எனக்கு ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். அம்மா இரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் நானும் அவர் பின்னால் மரங்களுக்கு நடுவே நிரை நிரையாக அலைந்திருக்கிறேன். பத்துமலையின் 272 படிகளையும் நிற்காமல் ஏறுவேன் என்ற திமிர் வேறு. அந்தத் திமிரில், லடாக்கின் லே நகரில் விமானம் இறங்கிய அன்றே சாந்தி ஸ்தூபிக்குப் படியேறினேன். ஐந்நூறு படிக்கு மேல் இருக்கும். பாதியிலேயே மண்டையைக் கயிறு கட்டி இறுக்குவது போல வலி. இரவெல்லாம் வாந்தி.

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். எங்கள் நாட்டுக் கினபாலு மலை என்றால் கால்நடையாக ஏறுவோம். இங்கே விமானம் ஒரே தூக்காகத் தூக்கிக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. அதனால் முதல் இரண்டு நாள் சும்மா கிடங்கள். தலைவலி அடங்காமல் அதற்கு மேல் போகவே கூடாது. உயரத்தால் வரும் உபாதைக்கான மாத்திரை விஷயத்தை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் லிக்கிர் என்ற ஊரிலிருந்து யாங்தாங் என்ற ஊர் வரை நடந்தோம். லிக்கிர் மடத்தில் 75 அடி உயர மைத்ரேய புத்தர் பொன்னிறத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டினால் வழியில் இரண்டு கணவாய்கள், நடுவில் சும்தோ என்ற சிற்றூர். மற்றதெல்லாம் பழுப்பு, சாம்பல், காவி நிற மலைகள்தான். பருவமழையை இமயமலை தெற்கிலேயே மறித்துவிடுவதால், லேயில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர். அடைமழை பிடித்தால் எங்கள் பக்கம் ஒரே நாளில் அவ்வளவு கொட்டிவிடும்.

தோட்டத்தில் பழகிய உடம்பு அங்கே நம்மை ஏமாற்றுகிறது. சட்டை நனைந்தால்தான் நாம் தண்ணீரைத் தேடுவோம். அங்கே சட்டை நனையவே இல்லை, வேர்வை வந்ததும் காய்ந்துவிடுகிறது. உதடு வெடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தூரமும் அப்படித்தான். இரப்பர் காட்டில் நாலு நிரைக்கு அப்பால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, நிரையை எண்ணித்தான் தூரம் சொல்வோம். அங்கே எண்ணுவதற்கு மரம் ஏது? இரண்டாவது கணவாயைப் பார்த்து, "அரை மணியில் போய்விடலாம்" என்றேன். கூட வந்த வழிகாட்டித் தம்பி சிரித்தார். ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

என்னைக் காப்பாற்றியது அம்மாவின் நடைதான். நானூறு ஐந்நூறு மரம் வெட்ட வேண்டியவள் முதல் ஐம்பதிலேயே ஓடினால் கடைசி நிரைக்குப் போய்ச் சேரமாட்டாள் என்பார். அந்த நடையைப் பிடித்த பிறகுதான் மூச்சு ஒரு ஒழுங்குக்கு வந்தது.

சும்தோவில் வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர் கொடுத்தார்கள். எங்கள் ஊர் இனிப்புப் பால் தேநீரான தே தாரிக் நினைப்பில் வாய் வைத்தால் திடுக்கிடும். ரசம் என்று நினைத்துக் குடித்தால் இறங்கிவிடும். ஓடைகளைக் கடக்கும் வழி என்றால் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மதியத்துக்கு மேல் தண்ணீர் கூடிவிடும். மந்திரம் செதுக்கிய மணிக்கற்கள் அடுக்கிய சுவர் வந்தால் அது உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி போங்கள், நாம் கோயிலை வலம் வருவதைப் போலத்தான். ஒரு நல்ல செய்தி, இரத்தம் உறிஞ்சும் அட்டை கிடையாது.

இரவு அம்மாவுக்குப் படங்களை அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "என்னடி இது, ஒரு மரம்கூட இல்ல! வெயிலுக்கு எங்க ஒதுங்குன?" பாறை நிழலில் ஒதுங்கினால் குளிரில் பல் கிட்டுகிறது என்றேன். நம்பவே இல்லை.