வழக்குரைஞர் நிறுவனங்களின் ‘வெற்றிச் செய்திகள்’: கேள்வி பதில்

சிங்கப்பூரில் வழக்காடும் நிறுவனங்கள் பதவி உயர்வு, தீர்ப்பு, விருது என்று அறிவிப்பதைப் படித்தவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் வழக்குக் கோப்புகளோடு நாள்தோறும் மல்லுக்கட்டுபவர்.

தேக்கா கடைக்காரர்: ஒரு நிறுவனத்தின் பார்ட்னர் ‘மூத்த வழக்குரைஞர்’ (சீனியர் கவுன்சல்) ஆகியிருக்கிறாராம். பெரிய விஷயமா அண்ணே? எனக்கு 40,000 வெள்ளி பாக்கி வரவேண்டும்.

பெரிய விஷயம்தான். அது நிறுவனம் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் பட்டம் இல்லை. 1997 முதல் இங்கே இருக்கும் முறை. தலைமை நீதிபதி உள்ள தேர்வுக்குழு கொடுப்பது. ஆனால் 60,000 வெள்ளி வரையிலான வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். அதற்கு இவர் எதற்கு? “என் ஃபைலை யார் பார்ப்பார், மணிக்கு எவ்வளவு?” என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

ஈசூன் வாசகி: “மேல்முறையீட்டில் வெற்றி” என்று போடுகிறார்கள். நம்பலாமா?

தீர்ப்பையே படித்துவிடுங்கள் அக்கா. வெளியான தீர்ப்புகளை நீதிமன்ற இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தீர்ப்பின் எண்ணில் ‘எஸ்ஜிசிஏ’ என்றிருந்தால் மேல்முறையீட்டு நீதிமன்றம். ‘எஸ்ஜிஎச்சி’ என்றால் உயர் நீதிமன்றம். 2021 முதல் உயர் நீதிமன்றத்திலேயே ஒரு மேல்முறையீட்டுப் பிரிவும் உண்டு. அதில் ஜெயித்ததையும் ‘மேல்முறையீடு’ என்றுதான் எழுதுவார்கள், தப்பில்லை. யார் யாருக்காக வாதாடினார் என்பது தீர்ப்பின் கடைசியில் இருக்கும். அதற்குச் சற்று மேலே போய் முடிவுரையைப் பாருங்கள். பத்துக் கோரிக்கையில் இரண்டை மட்டும் ஏற்று, வழக்குச் செலவை அவரவர் தலையில் கட்டியிருந்தால் அது அரைக்கிணறு தாண்டியதுதான். செய்தியில் இது வராது.

ஜூரோங் வாசகர்: ரெனோவேஷன் கான்ட்ராக்டர் 12,000 வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டு டைல்ஸ்கூட ஒட்டவில்லை. விருது வாங்கிய நிறுவனமாகப் பார்க்கட்டுமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 20,000 வெள்ளி வரை கேட்கலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000. அங்கே வழக்குரைஞர் உங்களுக்காக வாதாட முடியாது, எதிராளிக்கும் அப்படித்தான். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். ஒப்பந்தம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள்.

அவரே மீண்டும்: ஜெயித்தால் கிடைப்பதில் பங்கு தருகிறேன் என்று வழக்குரைஞரிடம் பேசலாமா?

கூடாது. 2022 முதல் ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் தீர்ப்பது) போன்ற சிலவகை வழக்குகளில் ஜெயித்தால்தான் கட்டணம் என்று பேசிக்கொள்ளலாம். அங்கேயும் கிடைத்த தொகையில் சதவீதம் கேட்க அனுமதி இல்லை.