மருந்தடிக்கும் முன் ஒரு நிமிடம்: புதுச்சேரி, கடலூர் தோட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

லாஸ்பேட்டையிலிருந்து: அண்ணா, மாடியில் செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி. அதற்கு நடுவே பெரிய மாவுப்பூச்சி ஒன்று விறுவிறுவென்று ஓடுகிறது. நசுக்கிவிடலாமா?

தயவுசெய்து நசுக்காதீர்கள். மாவுப்பூச்சி அப்படி ஓடாது, ஒட்டிய இடத்திலேயே சாறு குடித்துக்கொண்டு கிடக்கும். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு இழை தொங்குவதால் எல்லோரும் ஏமாந்துபோகிறோம். 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது, மாவுப்பூச்சியை முட்டையோடு தின்னும். வளர்ந்த வண்டு சின்னது, கறுப்பு இறக்கை, தலைப்பக்கம் ஆரஞ்சு. நீங்கள் கவனிக்க வேண்டியது எறும்பைத்தான். மாவுப்பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை அண்டவே விடாது. தொட்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், கிளை எதுவும் சுவரைத் தொடக்கூடாது. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பாகூரிலிருந்து: பொறிவண்டு நல்லது என்று விட்டுவைத்தேன் சார், கத்தரி இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது!

அது வேறு வண்டு, எபிலாக்னா. பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் இலை தின்னி. முதுகில் பளபளப்பு இருக்காது, மெல்லிய ரோமம் படிந்து மங்கலாகத் தெரியும், புள்ளிகளும் அதிகம், பல நேரம் 28 வரை. புழு மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் கிளைவிட்ட முள். நமக்கு வேண்டிய பொறிவண்டின் முதுகு வழவழவென்று மின்னும், புழு கருமையாக, குட்டி முதலை போல நீளமாக இருக்கும். இரண்டுமே இலையில் மஞ்சள் முட்டைகளைக் கொத்தாகத்தான் வைக்கும், அதனால் முட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் அசுவினி (சாறு உறிஞ்சும் செடிப்பேன்) இருந்தால் கொஞ்சம் பொறுங்கள், முள் புழு வந்தால் கையாலேயே பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: கரும்பில் இடைக்கணுப் புழு. டிரைக்கோகிரம்மா அட்டை கட்டியும் பலனில்லையே?

எப்போது கட்டினீர்கள் என்பதுதான் கேள்வி. அட்டையிலிருந்து வெளியே வரும் இந்தக் குட்டிக் குளவி, இடைக்கணுப் புழுவின் தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும், அவ்வளவுதான். கணுவுக்குள் நுழைந்துவிட்ட புழுவை அதால் ஒன்றும் செய்ய முடியாது. நான்காம் மாதத்திலிருந்து 15 நாளைக்கு ஒரு தடவையாக 6 தடவை கட்ட வேண்டும். அட்டையை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போனால் குளவி வெளியே வருமுன்பே செத்துவிடும். காலையிலோ சாயங்காலமோ, தோகையின் அடிப்பக்கம் நிழலில் கட்டுங்கள். கட்டுவதற்கு முன்னும் பின்னும் சில நாள் மருந்து வேண்டாம்.

முதலியார்பேட்டையிலிருந்து: பொறிவண்டு வாங்கி மாடியில் விடலாமா அண்ணா?

வளர்ந்த வண்டு பறந்துபோய்விடும், காசு வீண். வாங்குவதானால், அசுவினியைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையோ புழுவோ வாங்குங்கள், சாயங்காலம் விடுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடும், தள்ளித் தள்ளி வையுங்கள். நான் சொல்வது அதைவிட எளிது: ஓரமாக நாலு தட்டைப்பயறு போடுங்கள், கொத்தமல்லியையும் சோம்பையும் பறிக்காமல் பூக்க விடுங்கள். பயற்றில் அசுவினி வரும், வரட்டும், அதைத் தேடித்தான் பொறிவண்டு வரும். இரை இல்லாத தோட்டத்தில் அது தங்காது.

பண்ருட்டியிலிருந்து: பப்பாளியில் மாவுப்பூச்சி திரும்ப வந்திருக்கிறது. என்ன மருந்து?

அவசரப்பட்டு அடிக்காதீர்கள். 2008-ல் கோவையில் முதலில் தெரிந்த அந்தப் பூச்சியை அடக்கியது மருந்து இல்லை, 2010-ல் தருவித்த அசரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவிதான். ஒரு இலையைப் பறித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். உப்பிக் காய்ந்துபோன மாவுப்பூச்சிக் கூடுகளில் வட்ட ஓட்டை தெரிந்தால் குளவி ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. அந்த இலைகளை எரிக்காமல் மரத்தடியிலேயே போட்டுவையுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் குளவிகளும் வெளியே வரட்டும்.