சால்மனும் சூடேறும் ஆறுகளும்: கேள்வி பதில்

கேள்வி (வான்கூவர்வாசி): சார், 20 டிகிரி தண்ணீரில் இறங்கினால் நமக்கே நடுங்கும். சால்மன் அதில் ஏன் சாகிறது?

பதில்: மீனின் உடல் வெப்பம் தண்ணீரோடு சேர்ந்தே ஏறும், இறங்கும். தண்ணீர் சூடாகச் சூடாக மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, தண்ணீரில் கரையும் ஆக்சிஜனோ குறைகிறது. 10 டிகிரியில் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் கரையும், 20-இல் 9.1 தான். இழுபறியில் மாட்டுவது இதயம். ஓர் அளவுக்கு மேல் அதனால் வேகம் கூட்ட முடியாது. எதிர்நீச்சலுக்கு மிச்சம் இருக்காது. முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் நுழைந்தபின் சால்மன் இரை எடுப்பதே அரிது என்பதால், உடம்புக் கொழுப்புதான் மொத்தக் கையிருப்பு. சூடு அதை வழியிலேயே எரித்துவிடுகிறது. செவுளை அரிக்கும் கொலம்னாரிஸ் பாக்டீரியாவும் சூட்டில் வேகமாகப் பெருகும்.

எல்லாக் கூட்டமும் ஒன்றல்ல. கனடாவின் ஃபிரேசர் ஆற்றில் சில்கோ ஏரிக்குப் போகும் சாக்கை என்ற வகை சால்மன், அதே ஆற்றின் வேறு சில கூட்டங்களைவிட அதிகச் சூடு தாங்கும்.

கேள்வி (கணக்குப்பிள்ளை): எத்தனை டிகிரி வரை ஆபத்தில்லை? ஒரே எண் போதும்.

பதில்: ஒரே எண் கிடையாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வடமேற்கு மாநிலங்களுக்கு 2003-இல் தந்த வழிகாட்டுதலில், முட்டையிடும் இடத்துக்கு 13, குஞ்சு வளர 16 முதல் 18, பெரிய மீன் ஆறேற 20. மூன்றுமே ஏழு நாள்களின் தினசரி உச்சங்களை எடுத்துப் போட்ட சராசரி. நாள் முழுவதற்குமான சராசரியைப் பார்க்காதீர்கள், உச்சத்தைப் பாருங்கள்.

கேள்வி (நீரோட்டம்): 2015-இல் வடமேற்கு அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் இரண்டரை லட்சம் சாக்கை செத்ததற்கு அணைகள்தான் காரணம். காலநிலையைச் சொல்வது அணைக்காரர்களைக் காப்பாற்றத்தானே?

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். நீர்த்தேக்கம் ஆற்றை அகலப்படுத்தி மெதுவாக்குகிறது. கோடையில் ஏறிய சூடு இலையுதிர்காலத்திலும் இறங்காது. அணையைத் தாண்டி மீன் ஏற அமைத்த படிப்பாதையான மீன் ஏணியில் மேல்மட்டத் தண்ணீரை விட்டால், கீழே ஆறு குளிர்ந்தும் ஏணி சூடாகவும் இருக்கும். மீன் ஏறாமல் அடியிலேயே நின்றுவிடும். ஆனால் அதே அணைகள் இருந்த 2014-இல் 6 லட்சத்துக்கு மேல் சாக்கை ஏறியது, அது அப்போதைய சாதனை வரத்து. 2015-இல் மலையில் பனி குறைவு, ஜூன் கடும் வெயில். கூட்டம் ஏறும் நேரத்திலேயே தண்ணீர் 20-ஐத் தாண்டிவிட்டது.

கேள்வி (நீரோட்டம்): அணையில்லாத ஆற்றில் ஓர் உதாரணம் காட்டுங்கள்.

பதில்: அலாஸ்காவில் யூகானின் கிளையாறான கோயுகுக். 2019 ஜூலை வெப்பத்தில் 'சம்' என்ற வகை சால்மன்கள் வயிறு நிறைய முட்டையோடு செத்து மிதந்தன. அங்கே தண்ணீரைத் தேக்கும் அணை எதுவும் இல்லை. ஃபிரேசரின் பிரதான ஓட்டத்திலும் அணை இல்லை; அதன் கோடை நீரும் 1950-களுக்குப் பின் சூடேறியே வந்திருக்கிறது.

கேள்வி (ஆற்றங்கரை): அப்போ அணைகளை உடைக்கவே வேண்டாம் என்கிறீர்களா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. ஆரிகனிலிருந்து கலிபோர்னியா வழியாகக் கடலுக்கு ஓடும் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றி முடித்தது 2024-இல். அந்த இலையுதிர்காலமே சினூக் வகை சால்மன் அணைகள் இருந்த இடத்தைத் தாண்டி ஆரிகன் வரை ஏறிவிட்டது. உடைக்கக்கூடியதை உடைக்கட்டும்.

ஆனால் கலிபோர்னியாவின் ஷாஸ்டா அணையைப் பாருங்கள். குளிர்காலத்தில் ஆறேறும் சினூக் கூட்டம் முட்டையிட்டுவந்த ஊற்றாறுகள் அணைக்கு மேலே அடைபட்டுவிட்டன. இன்று அணையடிக் குளிர்நீர்தான் சாக்ரமெண்டோ ஆற்றில் அவற்றைக் காப்பாற்றுகிறது. 1997 முதல் அங்கே வெவ்வேறு ஆழத்தில் நீரெடுக்கும் கதவுகள் உண்டு. வசந்தத்தில் மேல்மட்டத் தண்ணீரை விட்டு, அடிக்குளிர்நீரை ஆகஸ்ட், செப்டம்பருக்குச் சேமிக்க வேண்டும். கணக்குத் தப்பினால் முட்டை சரளைக்கல்லுக்குள் கிடக்கும்போதே குளிர்நீர் தீர்ந்துவிடும். 2014, 2015 இரண்டு ஆண்டும் அதுதான் நடந்தது. பெரும்பாலான முட்டைகளும் குஞ்சுகளும் அழிந்தன. முட்டைக்குச் செவுள் இல்லை, தன்னைச் சுற்றி ஓடும் நீரிலிருந்து மட்டுமே ஆக்சிஜன். சரளைக்குள் ஓட்டம் மெதுவாக இருப்பதால், ஆய்வகத்தில் தாங்கிய அளவுக்குச் சுமார் 3 டிகிரி கீழேயே ஆற்றில் சாகத் தொடங்கும். இங்கேயும் மாதச் சராசரியைக் காட்டி 'பரவாயில்லை' என்பவர்களை நம்பாதீர்கள்.

கொலம்பியாவின் கிளையாறான ஸ்நேக் ஆற்றில் லோயர் கிரானைட் அணையின் ஏணிக்கு ஆழத்துக் குளிர்நீரைப் பம்பு வைத்து ஏற்றுகிறார்கள். அதற்கு மேலே உள்ள டுவார்ஷாக் நீர்த்தேக்கத்திலிருந்தும் கோடையில் குளிர்நீர் திறக்கிறார்கள். அணை நிற்கும்வரை இதைச் செய்தே ஆக வேண்டும்.

கேள்வி (நீரோட்டம்): நீங்கள் இன்னும் அணைக்குத்தான்...

பதில்: இதற்கு மேலேயே பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (சமையல்ராணி): பண்ணை சால்மன் இருக்கும்போது என்ன கவலை?

பதில்: பண்ணையும் கடல் நீரில்தான் இருக்கிறது. 2019-இல் நியூஃபவுண்ட்லாந்தின் தெற்குக் கரையில் சுமார் 26 லட்சம் பண்ணை மீன்கள் வெப்பத்தில் செத்தன. காட்டு மீன் ஆழத்துக்கு இறங்கும், வலைக்கூண்டு மீன் எங்கே போகும்?

கேள்வி (குமரிக்கரை): நம் ஊர் மத்தி?

பதில்: கேரளத்தில் 2012-இல் 4 லட்சம் டன்னை நெருங்கிய மத்தி, 2021-இல் 3,297 டன். காரணம் வெப்பம் மட்டுமல்ல, இரை, மழை, அளவுக்கு மீறிய பிடிப்பு எல்லாம் சேர்ந்தது. விவரத்துக்குக் கொச்சியின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன அறிக்கைகளைப் பாருங்கள். என் துறை ஆற்று மீன்.

கேள்வி (புதுமுகம்): சால்மன் குளிர்ந்த இடத்துக்குப் போய்விடாதா?

பதில்: போகும். கொலம்பியாவில் குளிர்ந்த கிளையாறு கலக்கும் வாய்களில் கும்பலாக ஒதுங்கும். தூண்டில்காரர்களும் அங்கேதான் வருவார்கள். அந்த வாய்களில் கோடையில் தூண்டில் போடக்கூடாது.

கேள்வி (ஞாயிறுதூண்டில்): பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறேன். சராசரி 17 தானே, தப்பா?

பதில்: மறுபடி சராசரி! மாலை நான்கு மணிவாக்கில், கரையோரத் தேங்கலில் அல்லாமல் ஓடும் தண்ணீரில், முழங்கால் ஆழத்தில், நிழலில் வெப்பமானியை இரண்டு நிமிடம் வையுங்கள். 18-ஐத் தாண்டினால் அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். போராடிக் களைத்த மீன் நீந்திப் போவதைப் பார்த்து நீங்கள் திரும்பிவிடுவீர்கள், பிறகு அது சாவது உங்களுக்குத் தெரியாது. சூடான நாளில் போகத்தான் வேண்டும் என்றால் விடியற்காலையில் போங்கள், மீனைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காமல் முள்ளைக் கழற்றுங்கள்.