அலை நேரம் பார்த்துக் கிளம்புங்கள்

தம்பி, வாடகை வீடு, கவுன்சில் வரி, பிள்ளைகளின் பள்ளி என்று பலவற்றைக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை என்னைவிட நன்கு அறிந்தவர்கள் சொல்வார்கள். உடன் வேலை பார்க்கும் பெண், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் இருக்கும் லிண்டிஸ்ஃபார்ன் தீவில் நடக்கும் தன் திருமணத்துக்கு அழைத்திருக்கிறாள், போகலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்களே, அதற்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன். கட்டாயம் போங்கள்.

ஆனால் முதலில் அழைப்பிதழை வரி விடாமல் படியுங்கள். 2004 இல் நான், அந்தத் தீவு இருக்கும் நார்தம்பர்லாந்து மாவட்டத்துக்குச் செவிலியராக வந்த மூன்றாம் மாதமே எனக்கும் இப்படியோர் அழைப்பு வந்தது. அழைத்தால் குடும்பத்தோடு போவதுதான் மரியாதை என்ற நாகர்கோவில் வழக்கப்படி, கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நண்பகலிலேயே போய் நின்றேன். அழைப்போ எனக்கு மட்டும், அதுவும் இரவு ஏழரை மணி நடனத்துக்கு. இங்கே பகல் விருந்துக்கு அழைக்கப்படுபவர்கள் வேறு, இரவுக்கு வருபவர்கள் வேறு. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ஒரு பெயர் அட்டை இருக்கும். மணப்பெண்ணின் தாய் முகம் கோணாமல் சமையலறையிலிருந்து நான்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். அதில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரம் இன்றும் என் நெஞ்சில் உறுத்துகிறது. ஆகவே, யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர்கள் மட்டும் போங்கள், வருவதையும் வராததையும் அவர்கள் கேட்ட தேதிக்குள் சொல்லிவிடுங்கள். உங்கள் மனைவி பட்டுச்சேலை உடுத்தலாம். வெள்ளை மட்டும் வேண்டாம், அது மணப்பெண்ணுக்குரியது. பரிசுப் பட்டியல் தந்திருந்தால் அதிலிருந்து ஒன்றை வாங்குங்கள். இல்லையென்றால் வாழ்த்து அட்டைக்குள் கொஞ்சம் பணம் போதும்.

இரண்டாவது, கடல். தீவுக்குப் போகும் சாலையை நாள்தோறும் இருமுறை அலை மூடிவிடும். பாதுகாப்பாகக் கடக்கக்கூடிய நேரம் நாளுக்கு நாள் மாறும். அந்த அட்டவணையைப் பார்க்காமல் கைப்பேசியின் வழிகாட்டியை நம்பிக் காரை இறக்கியவர்கள், சாலையோரம் தூண்கள்மேல் நிற்கும் மரக்கூண்டில் ஏறி, கார் முழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்கிறது.

இருபது ஆண்டுகள் லண்டனில் இருந்துவிட்டு, வெள்ளைக்காரர்களுக்குச் சடங்கு சம்பிரதாயமே கிடையாது என்று பேசும் நம்மவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் ஒரு கிராமத்துக் கல்யாணத்தையாவது பார்த்திருப்பார்களா? எங்கள் ஊரில் ஓலை வாசிப்பதைப் போலவே, இங்கிலாந்துத் திருச்சபைக் கோவில்களிலும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மணமக்களின் பெயரை வாசித்து, தடை இருந்தால் சொல்லும்படி ஊரைக் கேட்கிறார்கள். எசெக்ஸ் மாவட்டத்தின் கிரேட் டன்மோ என்ற ஊரிலோ, மணமாகி ஓராண்டும் ஒரு நாளும் ஆன பிறகும் மணந்ததற்காக வருந்தாத தம்பதிக்குப் பன்றியின் ஒரு பக்கத்து இறைச்சி பரிசு. அதற்கு மணமாகாத ஆண்கள் ஆறு பேர், பெண்கள் ஆறு பேர் நடுவர்களாக அமர்ந்து விசாரிப்பார்கள். நான்காண்டுக்கு ஒருமுறை, லீப் ஆண்டில் நடக்கிறது. ஆங்கிலக் கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்.

நீங்கள் போகும் தீவில், புனித மரியாள் கோவிலின் வளாகத்திலே ‘பெட்டிங் ஸ்டோன்’ என்றொரு கல் கிடக்கிறது. பூசை முடிந்ததும் படமெடுக்க ஓடிவிடாமல் அதன் பக்கத்தில் நில்லுங்கள். தீவின் முதியவர்கள் இருவர் இரு புறமும் கைப்பிடிக்க, மணப்பெண் அதைத் தாண்ட வேண்டும். தடுக்காமல் தாண்டினால் வாழ்வு நன்றாயிருக்கும் என்பது நம்பிக்கை. நான் பார்த்த திருமணத்தில் தோழி பின்னால் நின்று உடையின் தொங்கலைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். கைகொடுத்த கிழவர், கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல்களால் பெண்ணின் மணிக்கட்டை அவ்வளவு மெதுவாகப் பற்றியிருந்தார். அவள் தாண்டியதும் கூட்டமே மூச்சு விட்டது.

நார்தம்பர்லாந்தில் கோவில் வாசற்கதவைக் கயிற்றால் கட்டி வைத்து, மாப்பிள்ளை காசு கொடுத்தால்தான் அவிழ்க்கும் வழக்கமும் உண்டு. கார் கிளம்பும்போது பிள்ளைகளுக்குச் சில்லறையை வாரி எறிவதை ‘ஹொய்-ஊட்’ என்பார்கள். ‘ஹொய்’ என்றால் அந்த வட்டாரப் பேச்சில் எறிவது. என் மகள் அப்படிப் பொறுக்கிய இருபது பென்ஸ் காசை, வீடு வரும்வரை கையைத் திறக்காமல் பிடித்துக்கொண்டே வந்தாள். அழைப்பிதழில் உங்கள் பிள்ளைகளின் பெயரும் இருந்தால், அந்த நேரத்தில் அவர்களை வாசலுக்கு அருகே நிறுத்துங்கள்.