'ரன்' என்ற வினைக்கு எத்தனை பொருள்?

கேள்வி: 'ரன்' என்றால் ஓடுதல் என்று பள்ளியில் படித்தேன். ஆங்கில நாளிதழைத் திறந்தால் நிறுவனத்தை 'ரன்' செய்கிறார்கள், தேர்தலில் 'ரன்' செய்கிறார்கள், மூக்கும் சாலையும்கூட 'ரன்' செய்கின்றன. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பொருள் எப்படி வந்தது? இவற்றை எப்படி நினைவில் வைப்பது?

பதில்: உங்கள் திகைப்பு நியாயமானது. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கே மிக நீண்ட விளக்கம் இருந்தது. பிறகு நடந்த திருத்தப் பணியில் 'ரன்' அதை முந்திவிட்டது. அந்த ஒரு வினையைப் பகுத்து எழுத அகராதியாளர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. முடிவில் 645 பொருள்கள் தேறின. இவற்றை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம், அதற்குத் தேவையும் இல்லை.

நம் 'ஓடு' என்ற வினையைப் பாருங்கள். குழந்தை ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, சுவரில் விரிசல் ஓடுகிறது. மனம் சரியில்லாத நாளில் ஒரு வேலையும் ஓடவில்லை என்கிறோம். இவற்றை யாரும் நமக்குப் பட்டியல் போட்டுக் கற்பிக்கவில்லை. நிற்காமல் தொடர்ந்து செல்லுதல் என்ற கருத்து எல்லாவற்றிலும் இழையோடுவதால் (இந்தச் சொல்லிலும் அதே வினைதான் இருக்கிறது) கேட்டவுடன் விளங்கிவிடுகிறது. 'ரன்' என்ற வினையின் அடியிலும் ஏறக்குறைய இதே கருத்துதான் இருக்கிறது.

அப்படியானால் நாம் இடறுவது எங்கே? 'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்' என்ற தொடரை மாணவர் ஒருவர் 'அவள் ஒரு பள்ளிக்கு ஓடுகிறாள்' என்று எழுதியதைப் பார்த்தபோதுதான் எனக்குக் காரணம் புலப்பட்டது. தமிழில் தானே ஓடினால் 'ஓடு', பிறிதொன்றை ஓடச் செய்தால் 'ஓட்டு'. தன்வினையும் பிறவினையும் வடிவத்திலேயே பிரிந்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரன்' ஒன்றே. ஆனால் தொடக்கத்தில் அங்கும் அப்படி இல்லை. பழைய ஆங்கிலத்தில் ஓடுதலுக்கு ஒரு வினையும், ஓடச் செய்தலுக்கு அதன் உறவான மற்றொரு வினையும் தனித்தனியே இருந்தன. காலப்போக்கில் அவை ஒன்றாகக் கலந்துவிட்டன. நாம் இன்றும் காத்துவரும் ஒரு வேறுபாட்டை அம்மொழி இழந்துவிட்டது என்பதை அறிந்தால், பொருள்களின் கூட்டத்தில் பாதி ஒழுங்குக்கு வந்துவிடும்.

ஆகவே 'ரன்' வந்தவுடன், அதை அடுத்துச் செயப்படுபொருள் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால் 'ஓட்டு' என்பதன் பக்கம் செல்லுங்கள்: நிறுவனத்தை நடத்துதல், கணினி நிரலை இயக்குதல், சோதனை செய்தல், குளியல் தொட்டியில் நீர் நிரப்புதல். ஆங்கிலம் ஓட்டுகிற பள்ளியைத் தமிழ் நடத்துகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு. செயப்படுபொருள் இல்லையென்றால் எழுவாயைக் கவனியுங்கள். மூக்கு என்றால் ஒழுகுதல், துணியின் நிறம் என்றால் சாயம் இறங்குதல், சாலை என்றால் ஒரு திசையில் செல்லுதல், ஒப்பந்தம் என்றால் குறிப்பிட்ட காலம் வரை நடப்பில் இருத்தல். இந்த வழி எல்லா இடத்திலும் செல்லாது. 'ரன் எ ஃபீவர்' என்றால் காய்ச்சல் அடித்தல் என்பதைத் தனியாகத்தான் அறிந்துகொள்ள வேண்டும். தேர்தலில் போட்டியிடுவதை அமெரிக்கர் 'ரன்' என்றும் பிரிட்டனில் உள்ளவர்கள் 'ஸ்டாண்ட்' என்றும் சொல்வது வழக்கம்.

'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் சந்தித்தல், 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏற்றிவிடுதல். இத்தகைய இணைப்புகளைத் தனிச் சொற்களாகவே கருதி, முழு வாக்கியத்தோடு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: கிரிக்கெட்டில் வரும் 'ரன் அவுட்' என்பதும் தீர்ந்துபோவதைக் குறிக்கும் 'ரன் அவுட்' என்பதும் ஒன்றா?

பதில்: வேறு. கிரிக்கெட்டில் அது ஓட்டம் எடுக்க முயலும்போது ஆட்டமிழப்பதைக் குறிக்கும். மற்றதில் எழுவாயைக் கவனிக்க வேண்டும். 'தி பேப்பர் ஹேஸ் ரன் அவுட்' என்றால் காகிதம் தீர்ந்துவிட்டது. அங்கே காகிதமே எழுவாய். 'எங்களிடம் காகிதம் தீர்ந்துவிட்டது' என்று சொல்ல விரும்பினால், தமிழில் 'எங்களிடம்' என்று வேற்றுமை ஏற்று நிற்கும் நாம் ஆங்கிலத்தில் எழுவாயாகிவிடுகிறோம். அப்போது 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்' என்று 'ஆஃப்' சேர்த்தே எழுத வேண்டும். நம்மவர்கள் அதிகம் விட்டுவிடுவது அந்த 'ஆஃப்' என்ற சொல்லைத்தான்.